கால் எது, ரகரம் எது?

தமிழ்ச் செய்தித் தளங்கள் சிலவற்றின் பழைய பக்கங்களைத் திறந்து 'சேர்ந்தவர்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். சொல் கண்ணெதிரே இருக்கும். அப்படியொரு சொல் பக்கத்தில் இல்லை என்று உலாவி சொல்லும். அந்த வரியை நகலெடுத்து எழுத்தெழுத்தாகப் பிரித்தால் காரணம் புலப்படும். அங்கே தட்டச்சு செய்யப்பட்டிருப்பது 'சோ்ந்தவா்'. சகரம், ஓகாரக் குறி, அதன்மேல் ஒரு புள்ளி. சொல்லின் இறுதியில் வகரம், கால், காலின்மேல் ஒரு புள்ளி. ரகரம் என்ற எழுத்தே அந்தச் சொல்லில் கிடையாது. வாசகரின் கண் அதை ரகரமாகப் படித்துக்கொள்கிறது, கணினியால் அது முடியவில்லை.

இதைத் தட்டச்சுப் பிழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அரசாணைகளிலும் நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரே பிழை ஒரே விதமாக வந்தால், அதற்குத் தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. எழுத்தின் வடிவத்திலேயே ஏதோ இருக்கிறது. இன்று தமிழ் எழுத்துரு வடிவமைப்பில் நடக்கும் ஆய்வையும் வேலையையும் புரிந்துகொள்ள இந்த ஒரு காலும் ஒரு ரகரமும் போதும் என்பது என் எண்ணம். பல நூற்றாண்டுச் சிக்கல் இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

ஓலைச்சுவடியில் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதி சொல்லியிருக்கிறது. ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எழுதும் வேகமும் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். விளைவு என்னவென்றால், ஏட்டில் ஒரு கொம்பு, ஒரு ககரம், ஒரு கால் என்று மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து இருந்தால் அதை கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என்று ஆறு விதமாகப் படிக்கலாம். உ. வே. சாமிநாதையர் தலைமுறைப் பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு வரியிலும் இந்த ஆறில் ஒன்றைப் பொருளும் யாப்பும் பார்த்துத் தேர்ந்தார்கள். பாடபேதங்களில் ஒரு பகுதி இந்த இடங்களில் பிறந்தவை.

அச்சு வந்தவுடன் இது தீர்ந்துவிடவில்லை. 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். அதன் எழுத்துகள் ஏட்டு வடிவத்தையே ஈயத்துக்குக் கொண்டுவந்தன. மெய்க்குப் புள்ளி இல்லை, நெடிலுக்குத் தனிக் கொம்பு இல்லை. வடிவத்தில் முதல் பெரிய மாற்றத்தைச் செய்தவர் 18-ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர். குறில் நெடில் இரண்டுக்கும் பொதுவாக இருந்த கொம்பை அவர் பிரித்து, நெடிலுக்கு மேலே சுழி கொடுத்தார். இன்று நாம் 'கெ', 'கே' என்று எழுதும் வேறுபாடு அங்கிருந்து வருகிறது. மெய்யின்மேல் புள்ளி அச்சில் ஒழுங்காக நிலைபெற இன்னும் காலம் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், பதிப்பாசிரியர்களும் அச்சகத்தாரும் சேர்ந்து, வாசகர் ஊகிக்க வேண்டியிருந்ததைக் கண்ணால் பார்க்கக்கூடியதாக மாற்றினார்கள்.

அளவைப் பற்றிய கேள்வியும் அப்போதே எழுந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டிய தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் அடிக்கத் தொடங்கினால் இருந்த காகிதம் போதாது. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1714-15-இல் நூலை முடித்தார்கள். வட்டமும் சுழியும் நிறைந்த இந்த எழுத்தை எவ்வளவு சிறிதாக்கினால் படிக்க முடியும் என்ற கேள்விக்கு அவர்கள் காகிதக் கணக்கைக் கொண்டு விடை கண்டார்கள். அந்தக் கேள்வி இன்று கைபேசித் திரைக்கு வந்திருக்கிறது.

காலையும் ரகரத்தையும் பிரிக்க அச்சு ஒரு வழி கண்டது. ரகரத்தின் கீழே இடப்பக்கம் சாயும் ஒரு சிறு கோட்டைச் சேர்த்தது. கோடு இருந்தால் ரகரம், இல்லாவிட்டால் கால். ஆனால் ர், ரி, ரீ மூன்றுக்கும் அந்தக் கோட்டைப் போடவில்லை. இதில் தர்க்கம் உண்டு. காலின்மேல் புள்ளியோ இகர ஈகார விசிறியோ வரவே வராது. ஆகவே புள்ளி இருந்தாலே அது ரகரம் என்று தெரிந்துவிடும், கீழ்க்கோடு தேவையில்லை. பள்ளியில் எங்களுக்கும் அப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள்: 'ர' எழுதும்போது காலை இழு, 'ரி' எழுதும்போது இழுக்காதே.

அச்சுக்கோப்பாளருக்கு இது வசதி. ஈய எழுத்துக்கு வடிவம் மட்டுமே உண்டு, அடையாளம் கிடையாது. 'ர்' வேண்டும் என்றால் கால் அச்சை எடுத்துப் புள்ளியோடு சேர்த்தாலும் தாளில் விழுவது அதே மைதான். தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் இதே பழக்கம் தொடர்ந்தது: கால் விசையும் புள்ளி விசையும். தாளில் 'ர்' விழுந்தது, யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் தொடங்கியது எழுத்துக்கு வடிவத்தைத் தவிர வேறொன்றும் இருக்கிறது என்ற நிலை வந்தபோது. யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தருகிறது. அந்த எண்தான் எழுத்து. திரையில் தெரிவது எழுத்துரு அதற்குப் போட்டுவிடும் உடை. தமிழுக்கு அந்த எண்கள் 1991 முதல் இருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டு அலுவலகங்களும் இலங்கை அச்சகங்களும் அதன்பின் பல ஆண்டுகள் வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இயங்கின. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். வடிவத்தைக் கோத்து வரியை அமைப்பது ஈய அச்சுக் காலத்து முறையேதான். அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோதும், பழைய தட்டச்சுப் பழக்கம் மாறாதவர்கள் யூனிகோடிலேயே எழுதத் தொடங்கியபோதும், காலும் புள்ளியும் அப்படியே எண்களாகிவிட்டன. 'சேர்' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து ஓகாரமாகிவிடுவதால் 'சோ்' கிடைக்கிறது. ஏட்டில் இருந்த அதே ஆறு வழிக் குழப்பம், இப்போது தரவுக்குள்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் படிக்கிறது. 'நேர்மை' என்று கேட்க வேண்டிய இடத்தில் அதற்குக் கிடைப்பது நகர ஓகாரமும் பொருளற்ற ஒரு புள்ளியும். அகராதி, மொழிபெயர்ப்புக் கருவி, நூலகப் பட்டியல் எல்லாவற்றுக்கும் இதே கதி. இதைத் திருத்தும் விதி எளியது. கால், ஒகர ஓகாரக் குறிகள் இவற்றின் பின் புள்ளியோ இகர ஈகார விசிறியோ வந்தால், அந்தக் காலை ரகரமாக்கு. ஓகாரமாக இருந்தால் அதை ஏகாரமும் ரகரமுமாகப் பிரி. தமிழில் அந்த வரிசைக்கு வேறு பொருளே இல்லாததால் இந்த விதி தவறாகத் திருத்திவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. தளங்களும் அரசு அலுவலகங்களும் ஒரே மூச்சில் செய்யக்கூடிய வேலை இது.

ஆனால் எழுத்துருவை வரைபவர் என்ன செய்ய வேண்டும் என்பது இன்னும் கடினமான கேள்வி. மரபை மதித்து 'ர்', 'ரி'-யைக் கீழ்க்கோடு இல்லாமல் வரைந்தால், சரியான தமிழும் பிழையான தமிழும் திரையில் அச்சு அசலாக ஒன்றாகத் தெரியும். பிழை திருத்துபவருக்குக்கூடப் பிழை கண்ணில் படாது. கீழ்க்கோட்டோடு வரைந்தால் பிழை பளிச்சென்று தெரியும். ஆனால் ஈய அச்சில் படித்து வளர்ந்த கண்ணுக்கு 'ர்' சற்றுக் கனமாக உறுத்தும். என் முடிவு இரண்டாவதன் பக்கம். செய்தி, பாடநூல், அரசு ஆவணம் ஆகிய எல்லாவற்றுக்குமான எழுத்துருவில் ரகரம் எங்கு வந்தாலும் ரகரமாகவே தெரிய வேண்டும். கோடற்ற வடிவத்தை விரும்புவோருக்கு அதை மாற்று வடிவமாக அதே எழுத்துருவுக்குள் வைக்கலாம். ஓபன்டைப் தொழில்நுட்பத்தில் 'இந்த எழுத்தின் பின் புள்ளி வந்தால் இந்த வடிவத்தைப் போடு' என்று விதி எழுதுவது அன்றாட வேலை. பழைய பதிப்பை அதன் தோற்றத்தோடு மறுபதிப்புச் செய்ய விரும்பும் பதிப்பகம் அந்த விதியை இயக்கிக்கொள்ளும். மற்றவர்கள் இயக்கத் தேவையில்லை.

1978-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்ட சீர்திருத்தத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட வடிவங்களில் 13 எழுத்துகளை அரசு ஏற்றது: ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசைகளும், ணை, லை, ளை, னை ஆகியனவும். அதுவரை லகர ஐகாரத்தின் முன் துதிக்கை போல வளைந்து ஏறிய தனி வடிவம் ஒன்று இருந்தது. அதை நீக்கியதால் அச்சுப்பெட்டியில் அறைகள் குறைந்தன, தட்டச்சில் விசைகள் குறைந்தன. சிக்கனமே அந்த வாதத்தின் முதுகெலும்பு. லைனோடைப் இயந்திரத்தின் எழுத்துப் பேழையில் வழக்கமாக இருந்த தடங்கள் 90. தமிழின் 247 எழுத்துகளை அதற்குள் அடக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் அந்த வாதத்தின் வலு புரியும். இன்றைய எழுத்துருக் கோப்புக்கு அந்த நெருக்கடி இல்லை. ஐந்நூறு வடிவம் வேண்டுமானாலும் வைக்கலாம். வா. செ. குழந்தைசாமி உகர ஊகார வரிசைகளையும் தனிக் குறிகளாகப் பிரிக்க வேண்டும் என்று வாதிட்டார், அது ஏற்கப்படவில்லை. கு, சு, து, மு, ணு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரும்பி வளைவது கற்கும் குழந்தைக்குச் சுமை என்ற அவருடைய கவலை நேர்மையானது. ஆனால் இயந்திரத்தின் சுமை என்ற காரணம் மட்டும் இன்று அந்த விவாதத்தில் செல்லாது.

இயந்திரம் கேட்டதைச் செய்துகொண்டிருந்த எழுத்துரு வடிவமைப்பு, இப்போது வேறு இரண்டு இடங்களில் விடை தேடுகிறது. ஒன்று ஆவணக் காப்பகம், மற்றொன்று வாசகரின் கண்.

காப்பகத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக அச்சுக்கலைத் துறையில் லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கான பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. பியோனா ராஸ் 1978-இல் லைனோடைப் நிறுவனத்தில் சேர்ந்து இந்திய எழுத்துகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். பின்னர் ரெடிங்கில் இந்தத் துறையை வளர்த்தார். அவர் வழிநடத்திய 'விமன் இன் டைப்' ஆய்வுத் திட்டம் 2018 முதல் 2021 வரை நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் லைனோடைப், மோனோடைப் வரைவறைகளில் எழுத்துகளைப் பெரிதாக வரைந்து, அளந்து, திருத்திய பெண்களின் பங்கை அது வெளிக்கொணர்ந்தது. எழுத்துருவுக்கு ஒரே ஒருவர் பெயரைச் சூட்டும் வழக்கம் எத்தனை கைகளை மறைத்துவிட்டது என்பது அந்த வரைபடங்களைப் பார்த்தால் தெரியும். இந்தியாவிலும் அச்சகங்களிலும் வார்ப்பகங்களிலும் அப்படி மறைந்த கைகள் ஏராளம். அவர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதே ரெடிங்கில் பிரேசிலைச் சேர்ந்த பெர்னாண்டோ மெல்லோ 2007-இல் தம் முதுகலைப் படிப்புக்காகத் தமிழ் அச்செழுத்தின் வரலாற்றை ஆராய்ந்து 'ஃப்ரிடா' என்ற தமிழ்-லத்தீன் எழுத்துருவை வரைந்தார். பிறகு அவரும் ராஸும் வடிவமைத்த 'டிரோ தமிழ்' 2022-இல் கூகுள் எழுத்துருக்களில் எல்லோருக்கும் கிடைத்தது. நீண்ட நூலை வாசிப்பதற்கென்றே வரைந்த எழுத்துரு அது. தமிழரல்லாத ஒருவர் தமிழ் எழுத்தை வரையலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பழைய அச்சுகளைப் பார்த்துக் கற்று வரைந்தாரா, லத்தீன் எழுத்தின் வளைவை வெட்டி ஒட்டினாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாவது ரகம் கடைத்தெருவின் விளம்பரப் பலகைகளில் நிறையவே இருக்கிறது. அவற்றை வரைந்தவர்களில் தமிழர்களும் உண்டு.

தமிழ்ப் பக்கத்திலிருந்தும் வலுவான வேலை நடந்திருக்கிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலும், ஆப்பிள் கருவிகளில் அவர் வடிவமைத்த இணைமதியும் சங்கம் வரிசையும் ஒரு தலைமுறையின் திரைத்தமிழுக்கு முகம் கொடுத்தன. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்' ஒன்பது தடிமன்களில் வந்தது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'பவனம்', 'கவிவனார்' இரண்டும் எளிமைக்கும் கையெழுத்து ஓட்டத்துக்கும் எடுத்துக்காட்டு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் நிற்கும் நாட்டிலிருந்து வருபவருக்கு, மூன்று எழுத்துகளும் ஒன்றுக்கொன்று சிறுத்துப்போகாமல் நிற்க வேண்டும் என்ற அக்கறை அன்றாடம் கண்ணில் படுகிற ஒன்று.

தடிமனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ் எழுத்தின் உண்மையான நெருக்கடி அங்கே இருக்கிறது. 'ன' எழுத்தில் உள்ளதைவிட 'ண' எழுத்தில் ஒரு சுழி கூடுதல். 'மனம்', 'மணம்' இரண்டையும் பிரிப்பது அந்த ஒரு சுழி. மெல்லிய எழுத்தில் இது சிக்கலே இல்லை. தலைப்புக்காக எழுத்தைத் தடிமனாக்கும்போது கோடுகள் உள்ளே பெருத்து வெள்ளை இடத்தைத் தின்கின்றன. ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகின்றன. நல்ல வடிவமைப்பாளர் இதற்குப் பல வழிகளைக் கையாள்வார். எழுத்தை அகலமாக்குவார், உள்கோடுகளை வெளிக்கோடுகளைவிட மெலிதாக்குவார், கோடுகள் சந்திக்கும் மூலைகளில் மை தேங்காதபடி சற்று வெட்டிவிடுவார். ககரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரே தடிமன் என்று அளந்து வரைந்தால் பக்கத்தில் ணகரம் மட்டும் கறுத்து நிற்கும். ஆகவே கண்ணுக்குச் சமமாகத் தெரிவதற்காக அளவில் சமமில்லாமல் வரைய வேண்டும். இந்த வேலையைக் கணினி தானாகச் செய்துவிடாது. ஒற்றைத் தடிமனில் வரைந்து மென்பொருளால் பெருக்கவிட்ட எழுத்துருக்களை ணகரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

அகலமும் அப்படித்தான். தமிழ் எழுத்துகள் கிடைவாக்கில் பரந்தவை. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் கூட்டெழுத்துகள் நமக்கு இல்லாததால் உயரத்தில் மிச்சப்படுத்தி நீளத்தில் செலவிடுகிறோம். அதோடு விகுதிகள் ஒட்டி ஒட்டிச் சொற்களும் நீளம். நாளிதழின் ஒரு பத்திக்குள் தலைப்பை அடக்க, பக்க வடிவமைப்பவர்கள் எழுத்தை மென்பொருளில் பக்கவாட்டில் நெருக்கிவிடுவது பல ஆண்டுப் பழக்கம். அப்படி நெருக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து, கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். எழுத்தின் எலும்பே மாறிவிடும். 2016 செப்டம்பரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து வார்சாவில் அறிவித்த மாறுதகு எழுத்துரு முறை இதற்கு மாற்றுத் தந்தது. ஒரே கோப்புக்குள் தடிமனும் அகலமும் படிப்படியாக மாறும். ஒவ்வொரு படியிலும் கோடுகளின் விகிதம் வடிவமைப்பாளர் வரைந்த எல்லைகளுக்குள் இருக்கும். மும்பையின் எக் டைப் குழு 2022-இல் வெளியிட்ட 'அனேக்' குடும்பம் ஒன்பது இந்திய எழுத்துகளுக்கும் லத்தீனுக்கும் இதைச் செய்தது. அதன் தமிழை ஆதர்ஷ் ராஜன் வரைந்தார். அகலம் 75 முதல் 125 வரை நகர்கிறது. 75-இல் வைத்து ஒரு தலைப்பை அமைத்துப் பாருங்கள். ணகரம் குறுகியிருக்கும், ஆனால் அதன் சுழிகள் அடைந்திருக்காது. தமிழ் நாளிதழ்கள் இதை இன்னும் கைக்கொள்ளத் தயங்குவது எனக்கு வருத்தமே.

வரி முறிப்பிலும் இப்படியொரு இடறல். மெய்யெழுத்தில் வரியைத் தொடங்கக்கூடாது என்பது பிழைதிருத்துவோரின் பழைய வழக்கம். 'பக்கம்' என்பதை முறிக்க வேண்டுமானால் 'பக்' முதல் வரியிலும் 'கம்' அடுத்த வரியிலும் வரும். யூனிகோடின் கணக்கில் 'க்' தனியொரு எழுத்தலகு என்பதால், குறுகிய பெட்டிக்குள் சொல்லை எங்கு வேண்டுமானாலும் முறிக்கும் மென்பொருள் 'க்'கை வரியின் முதலில் கொண்டுவந்து போட்டுவிடும். குறுஞ்செய்திப் பெட்டிகளிலும் பொத்தான்களிலும் இதைப் பார்க்கலாம். அசை முறிப்புக்கான விதிகள் தமிழுக்கு ஏற்கனவே எழுதப்பட்டிருக்கின்றன, டெக் மென்பொருளில் பயனிலும் உள்ளன. செயலிகளை உருவாக்குவோர் அவற்றை எடுத்துச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி வாசகரின் கண்.

எழுத்து எளிதாகப் படிக்கப்படுகிறதா என்பதை அளக்கும் ஆய்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் மைல்ஸ் டிங்கர் பல பத்தாண்டுகள் செய்த சோதனைகளை 1963-இல் ஒரு நூலாகத் தொகுத்தார். 2006-இல் டெனிஸ் பெல்லியும் கூட்டாளிகளும் பல மொழி எழுத்துகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, எழுத்தின் வடிவச் சிக்கல் கூடக்கூட அதை அடையாளம் காணும் திறன் குறைகிறது என்று காட்டியது. சிக்கலை அவர்கள் அளந்த விதம் எளிமையானது: எழுத்தின் உள்விளிம்பு வெளிவிளிம்பு இரண்டின் மொத்த நீளத்தை வர்க்கமாக்கி, மை படிந்த பரப்பால் வகுப்பது. ணகரம் இந்த அளவையில் எங்கே நிற்கும் என்று யாரும் ஊகிக்கலாம். 2018-இல் வெளிவந்த 'கிராஃப்காம்' என்ற அளவை 131 மொழிகளின் எழுத்துகளை நான்கு கோணங்களில் அளந்தது: விளிம்புச் சிக்கல், தனித்தனியாக நிற்கும் துண்டுகள், கோடுகள் சந்திக்கும் புள்ளிகள், அடிப்படைக் கோடுகளின் எண்ணிக்கை.

தமிழுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது இவற்றைவிடச் சிறிய வேறோர் ஆய்வு. டென்மார்க்கின் சோஃபி பையரும் மைக்ரோசாஃப்டின் கெவின் லார்சனும் 2010-இல் லத்தீன் எழுத்துகளில் அடிக்கடி தவறாகப் படிக்கப்படுபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பல வடிவங்களை, ஒரே எழுத்துருப் பாணிக்குள், வரைந்தார்கள். அவற்றைத் தூரத்தில் வைத்தும், திரையில் கண நேரம் காட்டியும் எந்த வடிவம் குறைவாகத் தவறவிடப்படுகிறது என்று பார்த்தார்கள். குறுகலான எழுத்துகளை அகலமாக்கினால் பயன் உண்டு என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. எழுத்துருக்களை ஒன்றோடொன்று மோதவிட்டு 'எது சிறந்தது' என்று கேட்பதைவிட இந்த முறை எவ்வளவோ மேல். அதன் விடையை வரைபவர் அப்படியே கையில் எடுத்துக்கொள்ளலாம். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக அமெரிக்காவின் பிரெய்ல் இன்ஸ்டிடியூட் 2019-இல் வெளியிட்ட 'அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள்' எழுத்துருவும், ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகளை வேண்டுமென்றே விலக்கி வரைவதையே அடிப்படையாகக் கொண்டது. அது லத்தீன் எழுத்துக்கானது.

தமிழில் எந்த எழுத்துகள் குழம்பும் என்று நமக்குத் தெரியும். கால், ரகரம், ன, ண, கொம்பு, சுழித்த கொம்பு, ஒ, ஓ. ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால் 'ஒளவை' என்று ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்வது ரகரச் சிக்கலின் தம்பி. ஔ-வில் அந்தப் பகுதியைச் சிறிதாக வரைந்தால் பாதி தீர்ந்துவிடும். தமிழ் எண் ஏழும் எகரமும் ஒரே உருவம். ஒன்றும் ககரமும், இரண்டும் உகரமும் கிட்டத்தட்ட அப்படியே. இணைய முகவரிகளில் தமிழ் புழங்கத் தொடங்கியபின் இது மோசடிக்கும் வழி.

இவற்றுக்குப் பையர்-லார்சன் முறையில் சோதனை செய்யப் பெரிய ஆய்வகம் வேண்டாம். 'ர்' என்ற எழுத்தை மூன்று விதமாக வரைய வேண்டும்: கீழ்க்கோடு இல்லாமல், முழுக் கோட்டோடு, பாதிக் கோட்டோடு. கா, கர், கார், கோ, கேர் என்று குழம்பக்கூடிய அசைகளோடு கலந்து, திரையில் கண நேரம் காட்டிக் கேட்க வேண்டும். ஈய அச்சில் படித்த ஐம்பது வயதுக்காரர்களையும், கைபேசியிலேயே தமிழ் படித்துப் பழகிய கல்லூரி மாணவர்களையும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்று குழுவின் விடையும் ஒன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ண, ன இணைக்கும் இதையே மூன்று தடிமன்களில் செய்யலாம். பாடநூலுக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்கும் குழுவின் மேசைமேல் இந்த முடிவுகள் இருந்தால், ரகரத்துக்குக் கோடு வேண்டுமா என்பதை மரபா வசதியா என்று வாதிட்டுக்கொண்டிராமல், எந்த வடிவத்தில் குழந்தை குறைவாகத் தடுமாறியது என்று பார்த்து அவர்களே தீர்மானித்துவிடலாம்.